மிக்சர் டப்பாவும் மனவுறுதியும்

போன வருஷம் ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் எனக்கு மூன்று மாச சராசரி சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை என்றால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறோம்னு அர்த்தம். எனக்கு வயசு 28. ரிப்போர்ட்டைப் பார்த்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியில் இருக்கிற தன் மாத்திரை டப்பாவை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

இனிமேல் கட்டுப்பாடா இருக்கணும்னு முடிவு பண்ணினேன். மூன்று வாரம் தாங்கியது. நாலாவது வாரம், ஒரு ரிலீஸ் முடிந்த ராத்திரி 12 மணிக்கு மிக்சர் டப்பா காலி. நமக்கு மனவுறுதியே கிடையாதோன்னு தோணிச்சு.

அப்போதுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1998-ல் ராய் பாமைஸ்டர் குழு ஒரு பரிசோதனை செய்தது. சுடச்சுட குக்கீ மணக்கிற அறையில் சிலருக்கு முள்ளங்கி மட்டும்தான். அதன்பிறகு எல்லோருக்கும் தீர்க்கவே முடியாத ஒரு புதிர். குக்கீ சாப்பிட்டவர்கள் சுமார் 19 நிமிடம் முயன்றார்கள். முள்ளங்கிக்காரர்கள் சுமார் 8 நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். மனவுறுதி போன் பேட்டரி மாதிரி தீர்ந்துபோகும் என்ற கருத்து இப்படித்தான் பரவியது. ஆனால் 2016-ல் 23 ஆய்வகங்கள் 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அந்தக் கருத்தைச் சோதித்தபோது, விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம்.

எனக்கு உதவியது வேறொரு ஆய்வு. 2012-ல் வில்ஹெல்ம் ஹோஃப்மன் குழு, ஜெர்மனியில் சுமார் 200 பேரிடம் ஒரு வாரம் முழுக்க, "இப்போ ஏதாவது ஆசை வருதா? அடக்குறீங்களா?" என்று அவ்வப்போது கேட்டது. சுயகட்டுப்பாடு அதிகம் உள்ளவர்கள் ஆசையோடு நிறையப் போராடுவார்கள் என்றுதானே நினைப்போம்? அவர்கள் போராடியதே குறைவு. அந்த மாதிரி இக்கட்டு அவர்களுக்கு அதிகம் வரவில்லை.

எங்க தொழிலில், "தப்பான பட்டனை அமுக்காதீங்க"ன்னு யூசரிடம் கெஞ்ச மாட்டோம். பட்டனையே எடுத்துடுவோம். வீட்டிலும் அதையே செய்தேன். மிக்சர் கிலோ கணக்கில் வாங்குவதை அம்மா நிறுத்தினார். ஆசை வந்தால் தெருமுனைக் கடையில் சின்ன பாக்கெட். ராத்திரி சாப்பாடு 8 மணிக்கு. அதன்பிறகு அப்பாவோடு நடை. தனியா இருந்தா சாக்கு சொல்லியிருப்பேன். அவர் செருப்பு மாட்டிட்டு வாசலில் நிற்பார், எப்படி மறுப்பது?

ஆறு மாசத்தில் 5 கிலோ குறைந்தது. சர்க்கரை 5.8. இன்னும் வாசலில்தான் நிற்கிறேன், ஆனால் முகம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கு.

நீங்களும் அடுத்த தடவை தோற்றால் உங்களைத் திட்டாதீங்க. டப்பா எங்கே இருந்ததுன்னு பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.