என்ன ஷிப்டு?

காலை 6 மணி. இப்போதுதான் பொழுது விடிகிறது. ஒரகடம் சந்திப்பில் டீக்கடை அடுப்பு எரிகிறது. கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஏறுகிறவர்கள் குளித்து, தலை வாரி, பளிச்சென்று இருக்கிறார்கள். இறங்குகிறவர்களுக்குக் கண் சிவந்திருக்கிறது.

"என்ன அண்ணே, இந்த வாரம் என்ன ஷிப்டு?"

"ராத்திரிதாம்பா. திங்கட்கிழமை மாறுது."

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பகுதியில் "சாப்பிட்டாச்சா?" என்பதற்கு அடுத்தபடி அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பெண் கொடுக்க வருகிறவர்கள் கூட மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்டுவிட்டு, அடுத்து ஷிப்டைத்தான் கேட்கிறார்கள்!

ஷிப்டு என்பது இங்கிலீஷ் சொல். பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் இங்கே அதன் பொருள் தெரியும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் தெரியுமா?

இடம் மாறும் சொல்

வாடகை வீட்டைக் காலி செய்து வேறு வீடு போனால் "வீட்டை ஷிப்டு பண்ணிட்டோம்" என்கிறோம். நோயாளியை ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு "ஷிப்டு" செய்கிறார்கள். இங்கெல்லாம் பொருள், இடம் மாற்றுதல்.

டைப் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு ஷிப்டு தெரியும். இங்கிலீஷில் பெரிய எழுத்து வேண்டுமானால் "ஷிப்டு" கட்டையை அழுத்த வேண்டும். 1878-ல் வந்த ரெமிங்டன் டைப்ரைட்டரில் அதை அழுத்தினால் காகிதம் சுற்றிய உருளையே சற்று இடம் மாறும். இன்றைய கம்ப்யூட்டரில் எதுவும் நகர்வதில்லை. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

முற்காலத்தில் இங்கிலாந்துப் பெண்கள் அணிந்த உள்ளங்கிக்கும் ஷிப்டு என்றே பெயர். மாற்றி மாற்றி உடுத்துவதால் அந்தப் பெயர்! தந்திரக்காரனைச் சொல்லும் "ஷிப்டி" என்ற சொல்லும் இதிலிருந்து பிறந்ததுதான்.

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களிலும் இந்தச் சொல் ஒரு காலத்தில் புயலைக் கிளப்பியது. ராஜாஜி முதல்-மந்திரியாக இருந்தபோது, 1953-ல், கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஷிப்டு முறை வந்தது. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குக் காலையில் 3 மணி நேரம் படிப்பு, மற்றவர்களுக்கு மாலையில். மீதி நேரம் அப்பாவின் தொழிலைப் பழக வேண்டும். எதிர்ப்பு பலமாக எழுந்தது. 1954-ல் காமராஜர் முதல்-மந்திரி ஆனதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

ஏரித் தண்ணீரும் இயந்திரமும்

இதற்குத் தமிழ்ச் சொல் இல்லையா? இருக்கிறது. "முறை" என்று பெயர். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஏரிகள் நிறைந்த ஊர். மோட்டார் கிணறு வருவதற்கு முன்பு ஏரித் தண்ணீரை முறை வைத்துத்தான் வயலுக்கு விட்டார்கள். "இன்னிக்கு ராத்திரி நம்ம முறை" என்றால் மண்வெட்டியோடு நடுச்சாமத்தில் வாய்க்காலுக்குப் போக வேண்டும். கோவில் பூசைக்கும் அர்ச்சகர்கள் முறை மாறுவது உண்டு.

வேடிக்கை என்னவென்றால், ஷிப்டு என்ற சொல்லின் ஆதிப் பொருளும் இதுதான்! ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இங்கிலீஷில் அதற்குப் "பங்கிடுதல்" என்று பொருள். இடம் மாற்றுதல் என்பது பிறகு வந்தது. நம் ஊரில் தண்ணீரைப் பங்கிட்டார்கள். தொழிற்சாலையில் நாளைப் பங்கிடுகிறார்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998-ல் காரை வெளியே அனுப்பத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனால்ட்-நிசான் ஆலை திறக்கப்பட்டது. வரிசையாக மற்றவை வந்தன. அப்பா முறைத் தண்ணீர் பாய்ச்சிய ஊரில் மகன் ஷிப்டு பார்க்கிறான்.

24 மணியை மூன்றாகப் பங்கிட்டால் ஒரு ஷிப்டு 8 மணி. இரண்டாகப் பங்கிட்டால் 12 மணி. சொல் ஒன்றுதான், உடம்பு படும் பாடு ஒன்றா?

இந்தக் கேள்வி சட்டசபைக்கே வந்தது. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம், நாள் ஒன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியிருந்தது. 2023 ஏப்ரல் 21-ந்தேதி தமிழ்நாடு சட்டசபையில் ஒரு திருத்தம் நிறைவேறியது. நாளுக்கு 12 மணி வரை வேலை வாங்க ஆலைகளுக்கு அனுமதி கொடுக்க அது வழி செய்தது. வாரத்தில் 4 நாள் வேலை, 3 நாள் ஓய்வு என்று காரணம் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தன. ஆளும் கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்தன. மே 1-ந்தேதி அது வாபஸ் பெறப்பட்டது. சரியாக 100 ஆண்டுக்கு முன்பு, 1923-ல், அதே மே 1-ந்தேதியில்தான் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார்.

பெண்களின் ராத்திரி

ஒரு காலத்தில் "ராத்திரி ஷிப்டு" ஆண்களுக்கு மட்டுமே உரிய சொல். மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை ஆலையில் வேலை வாங்கக் கூடாது என்றது 1948 சட்டம். 2000-ம் ஆண்டில் சென்னை ஐகோர்ட்டு அந்தத் தடையை ரத்து செய்தது. ஆனால் போக்குவரத்து வசதி, பாதுகாப்பு உள்பட பல நிபந்தனைகளை விதித்தது.

இன்று சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் ஆலைகளில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் வெளியூர்ப் பெண்கள். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதிக் கட்டிடங்கள் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டன. ஒரு சிறு நகரமே அது!

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஷிப்டு உண்டு. ராத்திரி வேலை பார்த்தவர் பகலில் தூங்க வேண்டும். குக்கர் விசில் கூட அப்போது பகைதான். குழந்தை விளையாடத் தெருவுக்கு அனுப்பப்படுகிறது. கணவனுக்குப் பகலும் மனைவிக்கு ராத்திரியும் வேலையாக இருந்தால், வாசற்படியில் சாவியைக் கை மாற்றும்போதுதான் இருவரும் முகம் பார்க்கிறார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், "நான் ஷிப்டை மாத்திக்கிறேன்" என்று யார் சொல்வது என்பதில் தொடங்குகிறது சச்சரவு.

மணி ஆறரை ஆகிவிட்டது. ஒரகடத்தில் பஸ்கள் புறப்பட்டுவிட்டன. டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளர்களைக் கழுவுகிறார். நடுராத்திரி எழுந்து அடுப்பு மூட்டினவர் அவர். இனி மத்தியான பஸ்சுக்கும் அவரேதான் டீ போட வேண்டும். அவருக்கு மட்டும் ஷிப்டு இல்லை!