கிணற்று நீரில் நஞ்சு: ஒளியும் நுண்குழாயும்

சித்தூர்ப் பகுதி மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்றது. பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சியை ஒழிக்க மருந்து தெளிப்பது அங்கு வழக்கம். தெளித்த மருந்தில் ஒரு பகுதி மழைநீருடன் கிணறுகளை அடையக்கூடும். நீரின் மாதிரியைத் திருப்பதிக்கோ சென்னைக்கோ அனுப்பி விடை பெறுவதற்குள், குடியானவர் அதே நீரைப் பன்முறை பருகிவிடுகிறார். ஆகவே, கிணற்றடியிலேயே நஞ்சைக் கண்டறியும் முறை வேண்டப்படுகிறது.

ஏறத்தாழ 15 நானோமீட்டர் குறுக்களவுள்ள தங்கத் துகள்கள் நீரில் பரவியிருக்கையில் சிவப்பாகத் தோன்றும். ஒன்றோடொன்று நெருங்கினால் நீலமாகும். இப்பண்பைக் கொண்டு எண்டோசல்ஃபான் என்னும் பூச்சிகொல்லியைக் காணலாம் எனச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் பிரதீப் குழுவினர் 2003ஆம் ஆண்டு வெளியிட்டனர். (இம்மருந்தை உச்ச நீதிமன்றம் 2011இல் தடை செய்தது.) ஆனால் அவர்கள் கண்டது பத்து இலட்சத்தில் சில பங்கு என்னும் அளவு. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் இதன் வரம்பு லிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம் மட்டுமே. இடைவெளி ஆயிரம் மடங்குக்கும் மேல்!

இவ்விடைவெளியைக் குறைக்க இரு துறைகள் கைகோத்துள்ளன. ஒன்று ஒளியியல். 1928இல் இராமன் கண்ட ஒளிச்சிதறல் மிக மங்கலானது. எனினும் வெள்ளி, தங்கம் ஆகியவற்றின் சொரசொரப்பான பரப்பில் ஒட்டிய மூலக்கூறுகள் பல இலட்சம் மடங்கு மிகுதியாக ஒளியைச் சிதறச் செய்கின்றன. 1997இல் தனியொரு மூலக்கூறையே இவ்வாறு காண முடிந்தது. மற்றொன்று, தலைமயிரின் பருமனையொத்த நுண்குழாய்களில் நீரைச் செலுத்தும் கலை. அகன்ற கலத்தில் மூலக்கூறு உலோகப் பரப்பை அடைய நெடுநேரம் அலைய வேண்டும். குறுகிய குழாயிலோ பரப்பு அருகிலேயே உள்ளது.

சிறிய மாதிரியில் நஞ்சு அகப்படுமா என்ற ஐயம் நியாயமானதே. வரம்பளவு எண்டோசல்ஃபான் கொண்ட நீரில், ஒரு லிட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கை எடுத்தாலும் ஏறக்குறைய 6 இலட்சம் மூலக்கூறுகள் இருக்கும்.

உண்மையான இடர் வேறு. உப்பு மிகுந்த நீர், நஞ்சு இல்லாதபோதும் தங்கத் துகள்களைத் திரளச் செய்து நீலமாக்கிவிடும். ஆய்வுக்கூடத்தின் காய்ச்சி வடித்த நீரில் சிறப்பாகச் செயல்பட்ட கருவி, கடின நீர்க் கிணற்றடியில் பொய் சொல்லக்கூடும். எனவே களப்பணியாளர் ஒவ்வொரு மாதிரியுடனும் நீரின் உப்பளவைக் குறித்து, அதே உப்பளவுள்ள தூய நீரையும் உடன் சோதித்தல் வேண்டும்.