துப்பாக்கிச் சட்டமும் குற்றமும்

தேர்தல் நெருங்குங்கால், மணவாளக்குறிச்சி முதலிய நம் ஊர்களில் அநுமதி பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்போர் பொதுவாக அதனைக் காவல் நிலையத்தில் ஒப்புவிக்குமாறு பணிக்கப்படுவர். "சட்டத்திற்கு அடங்கி அநுமதிச் சீட்டுப் பெற்றவனையா அஞ்சுவது? கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவன் ஒப்புவிப்பானோ?" என்று வினவுவாருமுளர். இவ்வினா எள்ளி விலக்கத்தக்கதன்று. சட்டத்தினாற் குற்றம் குறையுமோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, அநுமதியின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாகும். ஒருவர் மூன்று வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. எனினும், 2020 ஜனவரி 8-ஆம் நாள் இரவு, நம் மாவட்டத்துக் களியக்காவிளைச் சோதனைச் சாவடியிற் கடமையாற்றிய காவல் அதிகாரி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைஞர் கைக்கொண்டது சட்டத்திற்குப் புறம்பாகப் பெற்ற துப்பாக்கி. இந்தியாவிற் துப்பாக்கியால் நிகழும் கொலைகளுட் பெரும்பாலன அநுமதியற்றவற்றால் நிகழ்வன என்றே தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகளும் காட்டுகின்றன. ஆகவே சட்டம் பயனற்றதென முடித்துவிடலாமோ?

ஆஸ்திரேலியாவை நோக்குவோம். 1996 ஏப்ரல் 28-இல் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். உடனே அரசாங்கத்தார் விரைந்து சுடுந் துப்பாக்கிகளைத் தடுத்து, ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகளை விலைகொடுத்து வாங்கி அழித்தனர். பின்னர்த் துப்பாக்கியால் மாய்வோர் தொகை குறைந்தது. தற்கொலை செய்வோரும் அத்தொகையுள் அடங்குவர். ஆயினும் அக்குறைவு முன்னரே தொடங்கியிருந்தமையால், சட்டத்தின் பங்கு எவ்வளவென்பதில் அறிஞர் மாறுபடுவர்.

இவ்விரண்டையும் ஒப்பு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். குற்றமென்பது ஒருதன்மைத்தன்று. வரப்புத் தகராறும், குடிவெறியும், களவும் துப்பாக்கிச் சட்டத்தால் ஒழியா. அரிவாளும் கத்தியும் எவ்வீட்டிலும் உள. ஆனால் கைகலப்பிற் காயத்தோடு தப்புகிறவன், துப்பாக்கி இடையில் வரின் உயிர் தப்புதல் அரிது. சினம் ஒரு நாழிகையில் தணியும். பாய்ந்த குண்டு மீளாது. எனவே சட்டம் பூசலைக் குறையாவிடினும் சாவைக் குறைக்கவல்லது.

தேர்தற்கால ஒப்படைப்பும் சினம் மிகுந்த நாட்களில் அவ்வாறு பயன்படுவதே. எனினும், கள்ளப்பட்டறையையும் கடத்தலையும் அடையாது சீட்டுப் பெற்றவனையே எண்ணிக்கொண்டிருத்தல், தலைவாயிலைப் பூட்டிப் புழைக்கடைக் கதவைத் திறந்து வைத்தலை ஒக்கும். இரு வாயிலையும் காக்குமிடத்தே சட்டம் காவலாகும்.