42 குதிரைவலு போதும்: ஒரு சின்ன றோலர் போட்டின் கணக்கு

போன எபிசோடில் மின் மோட்டார்களைப் பற்றிக் கதைக்கேக்க, எங்கட போட்டைப் பற்றி ரெண்டு நிமிஷம் சொல்லியிருந்தன். அதுக்குப் பிறகு வந்த கேள்விகளில் முக்காவாசி ஒரே கேள்வி: "இவ்வளவு மெதுவாப் போகுதே, ஏன் பெரிய எஞ்சின் போடேல்லை?" ரெண்டு நிமிஷத்தில் சொல்ல ஏலாத பதில், அதனால இங்க எழுதுறன்.

முதலில் பெயரைச் சரி செய்வம். வீட்டில போய் "றோலர் வாங்கியிருக்கிறம்" எண்டு சொன்னால் அப்பாமாருக்கு உடனே பாக்கு நீரிணைதான் ஞாபகம் வரும். அங்க றோலர் எண்டால் கடலடியை வழிச்சு அள்ளிக்கொண்டு போற இழுவைப் படகு. இலங்கையில் 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்த தொழில் அது. எங்கட போட் மீன் பிடிக்கிறதே இல்லை. மீன்பிடிப் படகின் உடம்பை மட்டும் கடன் வாங்கின உல்லாசப் படகுக்குத்தான் வட அமெரிக்காவில் "ட்ரோலர்" எண்டு பெயர். ஆழமான அடிப்பாகம், நடுவில நீளமான ஏராக்கட்டை, ஒரேயொரு டீசல் எஞ்சின், மேல கண்ணாடி அறை, உள்ளுக்க ரெண்டு பேர் படுக்க இடம், தேத்தண்ணி போட ஒரு அடுப்பு. 1960களில் ஹொங்கொங்கில் கட்டத் தொடங்கின கிராண்ட் பாங்ஸ் படகுகள்தான் இந்த வகையைப் பிரபலமாக்கினது. சுவீடனின் அல்பின் 25 அதின் குட்டித் தங்கச்சி மாதிரி.

எங்கட போட் 26 அடி. நானும் மச்சாளும் பாதிப் பாதிக் காசு போட்டு வாங்கினது. தண்ணியைத் தொடுற நீளம் 7.1 மீற்றர், எடை மூண்டு தொன்னுக்குக் கிட்ட, எஞ்சின் 42 குதிரைவலு. ஒன்ராறியோ ஏரிக்கரையில நிக்குது. வாங்கினதே ட்ரென்ட்-செவர்ன் கால்வாயால் ஜோர்ஜியன் பே வரைக்கும் போறதுக்குத்தான்: 386 கிலோமீற்றர், 44 லொக்.

வாங்கின முதல் கோடையில் முழு வேகம் மணிக்கு 12.8 கிலோமீற்றர். அதுவும் பின்னால கறுப்புப் புகையோட. மச்சாள் சைக்கிளில் அதைவிடக் கெதியாப் போவா. ஒரு வேலைத்தலத்தில் விசாரிச்சம். "எஞ்சின் காணாது, நூறு குதிரைவலு போடுங்கோ" எண்டு ஒரு விலை தந்தினம். அந்த விலை நாங்கள் போட் வாங்கின விலையைவிடக் கூட. மச்சாள் சொன்னா, "அந்தக் காசைப் போடுறதெண்டால் நான் என்ர பாதியை வித்துப்போட்டுப் போறன்." இருந்த எஞ்சினோ புகைச்சுக்கொண்டு இருக்கு. அப்படியே விட்டால் அதுவும் போயிடும், போட்டும் போயிடும்.

இந்த இடத்தில் உங்களில கோட் எழுதுற ஆக்களுக்கு ஒரு கேள்வி. புரோகிராம் மெதுவா ஓடினால் முதல் வேலையாப் பெரிய சேர்வர் வாங்குவீங்களா, இல்லாட்டி எங்க நேரம் போகுது எண்டு அளந்து பார்ப்பீங்களா? நாங்கள் அளக்கத் தொடங்கினம்.

அதுக்கு முதல் கொஞ்சம் பௌதிகம். ஒரு படகு போகேக்க முன்பக்கத்தில் ஒரு அலை எழும்பும். வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீளமும் ஒண்டாயிடும். ஒரு முகடு முன்னால, ஒரு முகடு பின்னால, படகு நடுவில இருக்கிற பள்ளத்துக்குள்ள. அதுக்கு மேல போகவேணும் எண்டால் படகு தான் கிளப்பின அலையிலேயே மேட்டில ஏறவேணும். 1870களில் இங்கிலாந்தின் டோர்க்கீயில் வில்லியம் ஃபுரூட் எண்ட பொறியியலாளர் தொட்டியில் சின்னக் கப்பல் மாதிரிகளை இழுத்து இழுத்து ஆராய்ஞ்சது இந்த அலைகளின் இழுவையைத்தான். எங்களுக்குத் தேவையான சூத்திரம் சின்னது: தண்ணியைத் தொடுற நீளத்தை மீற்றரில் எடுத்து, அதின் வர்க்கமூலத்தை 4.5 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் எண்டு வரும். எங்கட 7.1 மீற்றருக்கு அது 12. இது சுவர் இல்லை, செங்குத்தான மேடு. வேகப்படகு தட்டையான அடியோட தண்ணிக்கு மேல எழும்பி அந்த மேட்டைத் தாண்டிப் போயிடும். எங்கட மாதிரி உருண்ட, பாரமான அடிப்பாகம் எழும்பாது. அதுக்கு நூறு குதிரைவலு குடுத்தால் பெரிய அலை வரும், அவ்வளவுதான்.

எல்லாத் திருத்தமும் முடிஞ்ச பிறகு நாங்கள் அளந்த கணக்கு இது. மணிக்கு 10 கிலோமீற்றரில் போனால் மணித்தியாலத்துக்கு 2 லீற்றர் டீசல். 12இல் 3.6 லீற்றர். முழு வேகம், 13.5இல், 10 லீற்றர். கடைசி ஒண்டரைக் கிலோமீற்றர் வேகத்துக்கு ஏறக்குறைய மூண்டு மடங்கு எண்ணெய்! கால்வாய்ப் பயணம் முழுக்கக் கணக்குப் போட்டால், 10இல் 77 லீற்றர், 13.5இல் 286 லீற்றர். மிச்சமாகிற நேரம் பத்து மணித்தியாலம். அதுவும் பேப்பரில்தான். வெட்டின கால்வாய்ப் பகுதிகளில் வேக எல்லையே மணிக்கு 10 கிலோமீற்றர், மிச்ச நேரத்தை லொக் வாசலில் காத்துக்கொண்டு நிண்டு செலவழிப்பீங்கள்.

சரி, எப்படி அளந்தம்? வேகத்துக்கு ஃபோனின் ஜிபிஎஸ் போதும். ஆனால் ஒரே கோட்டில் போயும் வந்தும் சராசரி எடுக்கவேணும், இல்லாட்டிக் காற்றும் நீரோட்டமும் உங்களுக்குப் பொய் சொல்லும். எஞ்சின் சுற்றுக்குப் பழைய போட்டின் மீற்றரை நம்பாதேங்கோ. சுழலுற சில்லில் ஒரு துண்டு மினுங்குற ரேப் ஒட்டி, லேசர் ரகோமீற்றரால் பாருங்கோ. மலிவான சாமான். எண்ணெய்தான் கரைச்சல். டீசல் எஞ்சின் தான் எடுக்கிற எண்ணெயில் ஒரு பகுதியைத் திருப்பித் தாங்கிக்கு அனுப்பும். அதனால மின் மீற்றர் பூட்டுறதெண்டால் போற குழாயில் ஒண்டு, வாற குழாயில் ஒண்டு எண்டு ரெண்டு வேணும். நாங்கள் ஏழை வழியில் போனம்: ஒரே குறி வரைக்கும் நிரப்பி, ஒரே வேகத்தில் அஞ்சு மணித்தியாலம் ஓடி, திருப்பி நிரப்பிப் பாக்கிறது. மச்சாளின் எக்செல் சீற்றில் எல்லாம் இருக்கு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், இது அவவின் சட்டம்.

முதலாவது, அடிப்பாகம். போட்டைத் தூக்கிப் பார்த்தால் பாசி, அதுக்குள்ள ஸீப்ரா மட்டிகள். 1988இல் பேரேரிப் பக்கம் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட சாமான், இப்ப எங்க பார்த்தாலும் ஒட்டியிருக்கு. புரொப்பெல்லரின் இலைகளிலயும் ஒட்டியிருந்துது, அதுதான் மோசம். விமான இறகில் மண் அப்பின மாதிரி. கழுவிச் சுரண்டின பிறகு, 10 கிலோமீற்றர் வேகத்தில் 2.6 லீற்றர் குடிச்சது 2.2 ஆகக் குறைஞ்சுது. செலவு: தூக்குற கூலி, ஒரு நாள், ரெண்டு பேரின் முதுகு நோ. எண்ணெய் மிச்சத்தில் பெரிய பங்கு இந்த ஊத்தை வேலையால் வந்ததுதான்.

ரெண்டாவது, புரொப்பெல்லர். எஞ்சினைக் காப்பாத்தினது இது. புரொப்பெல்லரின் நடுப்பகுதியில் ரெண்டு இலக்கம் அடிச்சிருக்கும். எங்கட போட்டில் 16, 13. முதலாவது விட்டம், அங்குலத்தில். ரெண்டாவது பிட்ச்: ஒரு ஆணியை மரத்துக்குள்ள முறுக்குற மாதிரி, ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் முன்னால போகவேணும் எண்ட கணக்கு. எங்கட எஞ்சின் முழுத் திறப்பில் 3600 சுற்று வரவேணும் எண்டு கையேட்டில் இருக்கு. வந்தது 3150. அதாவது முன்னைய சொந்தக்காரர் பூட்டின புரொப்பெல்லர் எஞ்சினால் சுத்த ஏலாத அளவுக்குப் பெரிய கடி கடிக்குது. சைக்கிளில் மேடு ஏறேக்க ஆகப் பாரமான கியரில் நிண்டு மிதிக்கிற மாதிரி. எஞ்சினுக்குள்ள டீசல் போகுது, அதை எரிக்கக் காற்றுக் காணாது, மிச்சம் கறுப்புப் புகையா வெளிய வருது. வெப்பம் ஏறும், வால்வு சுடும், ஒரு நாளைக்கு முழுசாப் போகும். இந்த நிலையில் பெரிய எஞ்சின் போடச் சொன்ன ஆக்கள், முழுத் திறப்பில் எத்தனை சுற்று வருகுது எண்டு ஒருக்காவும் கேக்கேல்லை.

பொதுவா ஒரு அங்குலம் பிட்ச் குறைச்சால் 150 முதல் 200 சுற்று கூடும். வெண்கல இலைகளைப் புரொப்பெல்லர் பட்டறையில் ரெண்டு அங்குலம் மட்டும் திருத்தி வளைக்கலாம். புதுசு வாங்கத் தேவையில்லை. 13ஐ 11 ஆக்கினம். முழுத் திறப்பில் 3550 வந்துது. புகை நிண்டுட்டுது. முழு வேகம் 12.8இல் இருந்து 13.5, எண்ணெய் 2.2இல் இருந்து 2.1. இவ்வளவுதானா எண்டு கேப்பீங்கள். எஞ்சின் இப்ப மூச்சு விடுது, அதுக்குத்தான் காசு குடுத்தது. சில பழைய ஆக்கள் வேணுமெண்டே கொஞ்சம் கூடின பிட்ச் பூட்டுவினம், குறைஞ்ச சுற்றில் சத்தமில்லாமல் ஓடலாம் எண்டு. தாங்களே மட்டும் ஓட்டுற வரைக்கும் அது சரி. எங்கட போட்டை மச்சாளின் தம்பியும் ஓட்டுவான். அவனுக்குத் திறப்பு எண்டால் முழுத் திறப்புத்தான்.

பாரத்தைப் பற்றிக் கனக்கச் சொல்லத் தேவையில்லை. பின்பக்கப் பெட்டிகளில் ஆருக்கும் தெரியாத பழைய சங்கிலி, பெயின்ற் ரின், ரெண்டாவது நங்கூரம். எல்லாத்தையும் இறக்கி, பற்றறிகளை முன்பக்கம் நகர்த்தினம். பின்பக்கம் தாழ்ந்து ஓடினது நேராச்சு. 2.1 லீற்றர் 2.0 ஆச்சு.

வேகத்தைவிட எனக்கு இப்ப முக்கியமாப் படுறது திருப்பம். லொக்குக்குள்ள போகேக்க வேகம் நடக்கிற வேகம். இந்தப் போட்டில் சுக்கான் ஒரு தட்டைத் தகடு. மெதுவாப் போகேக்க அதுக்குத் தண்ணி வேணும், தண்ணியைத் தள்ளுறது புரொப்பெல்லர். அதனால திருப்பவேணும் எண்டால் சுக்கானை முழுக்கத் திருப்பிப் போட்டு ஒரு செக்கன் முன்னுக்குக் கியர், உடனே நியூட்ரல். போட் முன்னால பாயாது, ஆனால் திரும்பும். பின்னுக்குப் போகேக்க இன்னொரு கதை: எங்கட மாதிரி வலப்பக்கம் சுத்துற ஒற்றைப் புரொப்பெல்லர், ரிவேர்சில் பின்பக்கத்தை இடப்பக்கம் இழுக்கும். இதோட சண்டை பிடிக்கக் கூடாது. இடப்பக்கச் சுவரில் கட்டினால் அதுவே உங்களைச் சுவரோட சேர்த்து விடும். பீற்றர்பரோவில் 1904இல் திறந்த தூக்கு லொக் இருக்கு, போட்டைத் தண்ணித் தொட்டியோட 19.8 மீற்றர் தூக்கும். அதுக்குள்ள நுழையேக்க பாலத்தில் நிண்டு எல்லாரும் வீடியோ எடுப்பினம். அந்த நேரம் நூறு குதிரைவலு ஒருத்தருக்கும் உதவாது.

கடைசியா, நீங்கள் கேட்ட மற்றக் கேள்வி: இதை மின்சாரமாக்க ஏலுமா? மணிக்கு 10 கிலோமீற்றருக்கு எங்களுக்குத் தேவை ஏறக்குறைய 6 கிலோவாற். அஞ்சு மணித்தியாலம் ஓடினால் 30 கிலோவாற் மணி, ஒரு சின்ன மின்காரின் பற்றறி அளவு. துறையில் கிடைக்கிற 120 வோல்ற், 30 அம்பியர் பிளக்கில் பத்து மணித்தியாலம் போட்டு வைச்சால் ஏறக்குறைய அந்த அளவு ஏறும். ஆக, ஒரு நாளைக்கு 50 கிலோமீற்றர், இரவில் சார்ஜ். ஏலும். ஆனால் 13.5இல் போகவேணும் எண்டால் 30 கிலோவாற் தேவை, அதே பற்றறி ஒரு மணித்தியாலத்தில் காலி.

காசுதான் இன்னும் இல்லை. அதனால இந்தப் பனிக்காலத்து வேலை சுக்கான்தான். தட்டைத் தகட்டுக்கு ரெண்டு பக்கமும் ஃபோம் ஒட்டி, மீன் வடிவத்தில் செதுக்கி, ஃபைபர் சுத்தப் போறம். அச்சு வரைபடத்தை மச்சாள் இப்பவே தொடங்கியிட்டா. சித்திரைக்குப் பிறகு ஐஸ் கரைஞ்சதும் அதே கோட்டில் போயும் வந்தும் அளந்து, இலக்கங்களோட எழுதுறன்.