விளையாட்டிடமும் நன்கொடை விண்ணப்பமும்

பாடசாலைக்கு வகுப்பறை எத்துணை இன்றியமையாததோ அத்துணை இன்றியமையாதது விளையாட்டிடமும் என்பதை இக்காலத்தில் மறுப்பார் இலர். மறுப்பார் இலராகவும், அதன் பொருட்டுப் பொருளுதவி வேண்டி எழுதப்படும் விண்ணப்பங்களுட் பெரும்பாலானவை அத்தேவையையே மீண்டும் மீண்டும் விரித்துரைப்பது வியப்பைத் தருகின்றது. உடலுறுதியின் மேன்மை, ஒழுக்கம், ஒற்றுமையுணர்ச்சி என்றிவை மூன்று பக்கங்களை நிரப்ப, நிலம் யாருடையது என்னும் செய்தி ஒரு வரியிலேனும் இடம்பெறாதொழிகின்றது. நன்கொடை வழங்குவோர் ஐயுறுவது தேவையைக் குறித்தன்று. தாம் கொடுத்த பொருள் பத்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் பிள்ளைகளின் விளையாட்டிடமாகவே நிலைத்து நிற்குமா என்பதைக் குறித்தேயாம். இதனை முதலில் ஒரு வரலாற்றுச் சான்று கொண்டு விளக்கி, அதன்பின் நம் நாட்டு நிலைமைக்கு வருவாம்.

பிரித்தானிய மன்னர் ஐந்தாம் யோர்ச் 1936ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இறந்தார். அவருக்கு நினைவுச்சின்னம் அமைத்தல் பற்றி ஆராய இலண்டன் மாநகர முதல்வர் ஒரு குழுவைக் கூட்டினார். தலைநகரில் ஓர் உருவச்சிலை நிறுவுதல், நாடெங்கும் இளைஞர்க்குப் பயன்படும் விளையாட்டு வெளிகளை அமைத்தல் என இருவகையாக முடிவு செய்யப்பட்டது. சிலை 1947ஆம் ஆண்டிலேதான் திறந்துவைக்கப்பட்டது. வெளிகளுக்கான அறநிதியமோ 1936 நவம்பரிலேயே உறுதி எழுதப்பெற்றுத் தொழிற்படலாயிற்று. 1965இல் அது கலைக்கப்பட்டபோது 471 விளையாட்டு வெளிகள் அதன் பெயரால் விளங்கின. பின்னர் அவற்றின் பொறுப்பு, 1925இல் நிறுவப்பட்டிருந்த தேசிய விளையாட்டு வெளிகள் சங்கத்திடம் சென்றது.

இந்நிதியம் நடந்துகொண்ட முறையே ஈண்டு நாம் உற்றுநோக்கத் தக்கது. அது தானே நிலம் வாங்கி வெளிகளை அமைத்து ஊராரிடம் ஒப்புவிக்கவில்லை. விண்ணப்பித்த ஊராட்சி மன்றங்களுக்குச் செலவில் ஒரு பகுதியை மட்டுமே நன்கொடையாக வழங்கிற்று. எஞ்சியதை அவ்வவ்வூரார் திரட்டவேண்டியதாயிற்று. அதனினும் முக்கியமானது, அந்நிலம் என்றென்றும் விளையாட்டு வெளியாகவே இருக்கும் என்பதைச் சட்டப்படி பிணிக்கும் உறுதியைக் கேட்டுப் பெற்றமையாகும். வாயிலின் ஒருபுறம் சிங்கமும் மறுபுறம் ஒற்றைக்கொம்புக் குதிரையும் பொறித்த பலகைகளை அமைக்குமாறும் விதித்தது. இதனை வெறும் அரச ஆடம்பரம் என்று கூறிவிடலாம். ஆயின் வாயிலில் அப்பலகை நிற்குமளவும் அந்நிலத்தை வீடு கட்ட விற்க நினைக்கும் மன்றத்தவர் ஊரார் முகத்தில் விழிக்க இயலாதன்றோ? நன்கொடையாளர் கருதியது அதுவே எனத் தோன்றுகின்றது.

நம் நாட்டில் நிலத்தின் உரிமை இதனினும் சிக்கலானது. நம் பாடசாலைகளுட் பல, அன்பர் ஒருவர் தந்த காணியிலோ கோயிற் காணியிலோ எழுந்தவை. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெற்ற பாடசாலைகளுள் மிகப் பலவற்றை அரசின் கையில் ஒப்புவித்தன. எனினும், பிள்ளைகள் நெடுங்காலம் விளையாடி வந்த அயற்காணி இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலோ ஒரு தரும சாதனத்திலோ கிடப்பதுண்டு. உறுதியிற் பெயருள்ளவர் மறைந்தபின் அவர் மக்கள் வந்து வேலியடைப்பது நம் ஊர்களிற் புதுமையன்று. ஆகவே விண்ணப்பத்தை எழுதத் தொடங்குமுன் செல்லவேண்டிய இடம் காணிப் பதிவுக் கந்தோராகும். உறுதியின் பிரதி, நில அளவையாளரின் படம், தனியார் காணியாயின் நீண்டகாலக் குத்தகையோ நன்கொடை உறுதியோ, அரச காணியாயின் பிரதேச செயலாளரின் எழுத்துமூல இசைவு, இவை கைக்கு வருமுன் எழுதப்படும் விண்ணப்பம் மணலிற் கட்டிய வீடேயாகும்.

நிலம் உறுதிப்பட்டபின், அது எதனைத் தாங்கும் என்பதைக் கணக்கிடல் வேண்டும். ஈண்டுத்தான் ஆசையும் அளவும் முரண்படுகின்றன. 400 மீற்றர் ஓடுபாதை அமைக்க ஏறத்தாழ 4 ஏக்கர், அதாவது 64 பரப்புக்குச் சற்று மேற்பட்ட நிலம் வேண்டும். முழு அளவிலான உதைபந்தாட்டத் திடல் 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் உடையது; அதற்கு 28 பரப்பு வேண்டும். கரப்பந்தாட்டக் களமோ சுற்றுவெளியுடன் ஒன்றரைப் பரப்பில் அடங்கும். வலைப்பந்தாட்டக் களம் சுற்றுவெளியுடன் மூன்று பரப்பில் அடங்கும். பத்துப் பரப்புக் காணியை வைத்துக்கொண்டு ஓடுபாதை கேட்கும் விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி, எழுதியவர் தம் காணியையே அளந்திலர் என்று முதற்பக்கத்திலேயே அறிந்துகொள்வார். அப்பத்துப் பரப்பில் இரண்டு களங்களும் சிறு பிள்ளைகளுக்கு ஒரு மணற்றிடலும் நிழல்மரங்களும் அமையும். ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் ஒரே நேரத்தில் விளையாடலாம் என்பது அதனால் வரும் நன்மை.

மதிப்பீடு பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். ஊசல், சறுக்கு முதலியவற்றின் விலை எல்லார்க்கும் நினைவில் வரும். மண் நினைவில் வருவதில்லை. ஓர் ஏக்கர் நிலத்தை அரை அடி உயர்த்துவதற்கு ஏறத்தாழ 218 கியூப் மண் வேண்டும். உருளையிட்டு இறுக்கும்போது மண் தாழுமாதலின் அதனினும் கூடுதலாகவே ஏற்றவேண்டிவரும். நீர் வடிந்தோட வாய்க்கால் இன்றேல் அம்மண்ணும் முதல் மாரியிற் கரைந்துபோம். இவற்றைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரைக் கொண்டு அளவிட்டு எழுதுவித்தலே நேரிது. ஊகத்தால் எழுதிய தொகை குறைந்தால் பாதி வேலையுடன் பணம் தீரும். இன்னொன்று: அரசின் நிதியாண்டு டிசம்பர் 31ஆம் நாளுடன் முடிகின்றது, அதற்குள் செலவாகாத பணம் திரும்பிவிடும். வட மாகாணத்திலோ ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை மாரி. பணம் ஐப்பசியில் வந்து சேருமாயின், நீர் தேங்கிய நிலத்தில் மண் கொட்டுவதன்றி வேறு வழியில்லை. மண்வேலையைச் செத்தெம்பருக்குள் முடிக்குமாறு காலவரிசை ஒன்றை விண்ணப்பத்தில் இணைத்து, ஆண்டின் முற்பகுதியிலேயே பணம் தேவை என்பதைக் காரணத்தோடு காட்டுதல் அறிவுடைமை.

பராமரிப்பே பெரும்பாலார் எழுதாது விடும் பகுதி. டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்கேகனில், எம்திரப் என்னுமிடத்தில், 1943ஆம் ஆண்டு, நாடு அந்நியர் ஆட்சியிற் கிடந்த காலத்தில், ஒரு புதுவகை விளையாட்டிடம் திறக்கப்பட்டது. நிலவனப்புக் கலைஞர் சோரன்சென் என்பாரின் கருத்துப்படி அங்கே பழம் பலகை, கல், கயிறு ஆகியவையே பிள்ளைகளிடம் கொடுக்கப்பட்டன. அவர்கள் தாமே குடிசை கட்டினர், குழி தோண்டினர். பொருளுக்கு ஆன செலவு அற்பம். ஆயின் பேட்டெல்சென் என்னும் மேற்பார்வையாளர் அங்கே நாடோறும் இருந்தார். அவ்விளையாட்டிடத்தின் உயிர் அவரே. நன்கொடையாளரோ கட்டுவதற்குக் கொடுப்பரன்றி, ஆளுக்குச் சம்பளம் கொடுக்க விரும்பார். யப்பான் அரசு 1989இல் தொடங்கிய, பின்னர் அடித்தள மக்களுக்கான மானிடப் பாதுகாப்பு உதவி எனப் பெயர்பெற்ற திட்டத்திலும் அன்றாட நடைமுறைச் செலவுக்கு இடமில்லை. ஆகவே புல் வெட்டுவோன் கூலி, வாயிற்பூட்டு, துருப்பிடித்த ஊசற் சங்கிலியை மாற்றுதல் என்பவற்றுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு வேண்டும், அதனைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ எந்த வரவிலிருந்து கொடுக்கும் என்பதை எண்களில் எழுதுதல் வேண்டும். அச்சங்கத்தின் கூட்டக் குறிப்பில் அத்தீர்மானம் நிறைவேறியிருப்பின் அதன் பிரதியையும் இணைக்கலாம்.

எவரிடம் விண்ணப்பிப்பது என்பது எளிதில் முடியும் செய்தி. பாடசாலைக் காணியாயின் அதிபர் மூலமாக வலயக் கல்விப் பணிமனைக்கும் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் போகவேண்டும். ஊர்ப் பொதுவெளியாயின் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் பிரதேச சபைக்கு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவர் மனமுவந்து உதவுவர் எனினும், அவர்களிடமும் மேற்கூறிய ஆவணங்களையே காட்டுதல் முறை. உறவின் பெயரால் கணக்கின்றிப் பெற்ற பணம் இரண்டாம் முறை வாராது. அமைச்சரையும் அதிகாரியையும் புகழ்ந்து அரைப்பக்கம் எழுதும் வழக்கத்தையும் விடுதல் நன்று. அவ்வரைப்பக்கத்தில் நிலப்படம் ஒன்றை வரையலாம்: எல்லை, நீர் வடியும் திசை, நிற்கும் மரங்கள், கிணறு, வாயில். அதன் கீழே, பாடசாலை விட்டபின் வாயிற்றிறப்பு யார் கையில் இருக்கும், ஊர்ப் பிள்ளைகள் எத்தனை மணி வரை உள்ளே விளையாடலாம் என்று இரண்டு வரி எழுதி, அதிபரும் சங்கச் செயலாளரும் கையொப்பமிட்டால் விண்ணப்பம் நிறைவுறும்.