அட்மிட்டா, வீட்டுக்கா? டாக்டருக்கு டாக்டர் முடிவு மாறுவதை அளப்பது எப்படி?

தொப்பூர் கணவாயில் லாரி மோதி படுகாயத்துடன் வருபவரை அட்மிட் செய்யலாமா என்று எந்த டாக்டரும் யோசிப்பதில்லை. பாம்புக்கடியும் அப்படித்தான். அறிகுறி இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் கண்காணிக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி.

சிக்கல் நடுவில் இருப்பவர்களிடம்தான். லேசான நெஞ்சு வலி, முதல் இசிஜி நார்மல். ஒரு டாக்டர் 'ஒரு ராத்திரி இருங்க' என்பார். இன்னொருவர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். தேவையில்லாமல் சேர்த்தால் இன்னொருவருக்குப் பெட் இருக்காது. தவறாக அனுப்பினால் உயிருக்கே ஆபத்து.

சதவீதம் மட்டும் போதுமா?

போதாது. ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு டாக்டர்கள், தலா 200 நோயாளிகள். முதலாமவர் 60 பேரை அட்மிட் செய்கிறார், இரண்டாமவர் 40 பேரை. முதலாமவர்தான் அதிகம் சேர்க்கிறார் என்று தோன்றும்.

ஆனால் யாருக்கு எப்படிப்பட்ட நோயாளிகள் வந்தார்கள்? வயது, ரத்த அழுத்தம், நோயின் தீவிரம் எல்லாம் பார்த்தால், முதலாமவரிடம் 60 பேரும் இரண்டாமவரிடம் 30 பேரும் அட்மிட் ஆவார்கள் என எதிர்பார்க்கலாம் என்று வைத்துக்கொள்வோம். நடந்ததை எதிர்பார்த்ததால் வகுத்தால், முதலாமவருக்கு 1, இரண்டாமவருக்கு 1.33. கதையே மாறிவிடுகிறது!

பத்து, இருபது பேரை வைத்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது. எண்ணிக்கை குறைந்தால் தற்செயலே பெரிய வித்தியாசமாகத் தெரியும்.

இது புதுசா?

இல்லை. 1973-ல் ஜான் வென்பெர்க், ஆலன் கிட்டல்சன் இருவரும் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தை ஆராய்ந்தார்கள். டான்சில் ஆபரேஷன் ஒரு பகுதியில் 10,000 பேருக்கு 13, இன்னொன்றில் 151! இவ்வளவு பெரிய இடைவெளியை நோயை மட்டும் வைத்து விளக்க முடியவில்லை. டாக்டர்களின் பழக்கமும் காரணம் என்ற சந்தேகம் எழுந்தது.

தருமபுரியில் எதைக் கவனிக்க வேண்டும்?

தமிழக அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் (டிஏஇஐ) நோயாளிகள் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கப்படுகிறார்கள். ஒப்பிட இது நல்ல தொடக்கம். மஞ்சளை மஞ்சளோடுதான் ஒப்பிட வேண்டும்.

தூரமும் முக்கியம். அரூர் பக்கம் சித்தேரி மலையிலிருந்து ராத்திரி வந்தவரை, திரும்பிப் போக வழியில்லை என்பதற்காக டாக்டர் சேர்த்தால் அது தப்பில்லை. டாக்டர் சொல்லியும் கேட்காமல் கிளம்பிப் போனவர்களைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும்.

அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் 72 மணி நேரத்துக்குள் திரும்பி வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறைவாகச் சேர்க்கும் டாக்டரின் நோயாளிகள் நலமாக இருந்தால், அவரிடம் மற்றவர்கள் கற்றுக்கொள்ளலாம். யாரையும் மாட்டிவிடுவதற்கான கணக்கல்ல இது.

நோயாளிக்கும் ஒரு வேலை உண்டு. 'வீட்டுக்குப் போகலாம்' என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'என்ன ஆனா உடனே திரும்பி வரணும்?'