நம்ம வீட்டு டிஷ்ஷுக்குப் பின்னால் ஒரு நாவலாசிரியர்! தெரியுமா?

நோன்பு மாதம். கல்முனைக்குடியில் தராவீஹ் முடிந்து சனம் வீடு திரும்பி, கஞ்சிப் பானையும் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. நடுச்சாமம் நெருங்குகிறது. அப்போதுதான் மக்காவில் தராவீஹ் தொடங்கும். முன்னறையில் உம்மா டிவியைப் போடுகிறா. கஃபா நம்ம வீட்டுக்குள் வந்துவிடுகிறது!

இந்தக் காட்சியை வீட்டுக்கு இறக்கித் தருவது கூரையில் வானத்தைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும் அந்த டிஷ்தான். இப்படியொரு புதினம் நடக்கலாம் என்று கணக்குப் போட்டு எழுதியவர் ஓர் ஆங்கில நாவலாசிரியர். அவர் வாழ்நாளின் பாதிக்கு மேல் இருந்ததும், அடக்கமானதும் இந்த இலங்கையில்தான்! தெரியுமா?

ஒரு கட்டுரை, 15 பவுண்!

ஆர்தர் சி. கிளார்க். 1917 டிசம்பர் 16ஆம் திகதி இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் விமானப்படையின் ராடார் பிரிவில் வேலை. போர் முடிந்த கையோடு, 1945 அக்டோபரில், 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது வயது வெறும் 27!

கட்டுரையின் சாரம் இதுதான். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை விட்டால், அது பூமியை ஒருமுறை சுற்ற 24 மணித்தியாலம் எடுக்கும். பூமியும் அதே நேரத்தில்தான் ஒருமுறை சுழல்கிறது. ஆகவே கீழே இருந்து பார்ப்பவனுக்கு அது ஆணி அடித்தாற்போல ஒரே இடத்தில் நிற்கும். அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம்!

அன்றைக்கு ஒரு செய்மதிகூட வானத்தில் இல்லை. முதல் செய்மதி ஏறியதே 1957இல். கிளார்க் சொன்ன மாதிரி ஒரே இடத்தில் நிற்கும் செய்மதி 1964இல் ஏறி, டோக்கியோ ஒலிம்பிக்கைக் கடல் தாண்டிக் காட்டியது. இன்றைக்கும் அந்தப் பாதைக்குப் பெயர் 'கிளார்க் சுற்றுப்பாதை'.

அந்தக் கட்டுரைக்கு அவருக்குக் கிடைத்தது எவ்வளவு? 15 பவுண்! நம்ம ஊர்த் தங்கப் பவுண் இல்லை, ஆங்கிலேயரின் காசுப் பவுண். காப்புரிமையும் எடுக்கவில்லை. ஓய்வு நேரத்தில் கோடிகளைத் தொலைத்த கதை என்று பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு எழுதினார்.

டிவி இல்லாத நாட்டில் டிஷ்!

1975இல் இந்தியா தன் கிராமங்களுக்குச் செய்மதி வழியாகக் கல்வி ஒளிபரப்பைப் பரீட்சித்துப் பார்த்தது. அப்போது இந்திய விண்வெளிப் பொறியியலாளர்கள் கொழும்பு வந்து, கிளார்க்கின் வீட்டிலேயே ஒரு டிஷ்ஷைப் பூட்டிக் கொடுத்தார்கள். இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியதோ 1979இல்! நாட்டில் ஒரு டிவி நிலையமும் இல்லாத காலத்தில் அந்த ஒரு வீட்டில் மட்டும் வானத்திலிருந்து படம் இறங்கியது!

இன்னொன்று. லண்டனில் டிஷ்கள் சுவரோடு சாய்ந்து அடிவானத்தைப் பார்க்கும். நம்ம ஊரில் அண்ணாந்து கிடக்கும். ஏன்? நாம் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறோம். கிளார்க்கின் பாதை நம் தலைக்கு மேலேயே போகிறது!

விண்வெளி எழுத்தாளர், ஆனால் சுழியோடி!

வானத்தைப் பற்றி எழுதியவரை இலங்கைக்கு இழுத்தது எது தெரியுமா? கடல்! விண்வெளிக்குப் போக வழியில்லாத காலத்தில், உடம்பின் பாரம் தெரியாமல் மிதக்கத் தண்ணீருக்கு அடியில்தான் முடியும் என்று கண்டுகொண்டார். 1954இல் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் கால் வைத்தவர், 1956இல் இங்கேயே குடியேறினார். அதே ஆண்டு அவருடைய கூட்டாளி மைக் வில்சன் திருகோணமலைக் கடலுக்கடியில், இடிக்கப்பட்ட பழைய கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டார்.

1962இல் கிளார்க்குக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. கை கால் அசைக்க முடியாமல் கிடந்து எழும்பினார். அதன் பிறகும் சுழியோடினார்!

கடலுக்கடியில் ஔரங்கசீப்பின் காசு!

நம் கரையால் தெற்கே பொத்துவில், பாணமை, யால என்று போனால், கடலுக்குள் ஒரு கற்பார். 1873இல் வெள்ளைக்காரன் வெளிச்சவீடு கட்டிய இடம். சிங்களத்தில் அதை மகா இராவணன் கோட்டை என்பார்கள். 1961 மார்ச்சில் மைக் வில்சனும் இரண்டு சிறுவர்களும் அங்கே சுழியோடியபோது, உடைந்த கப்பலொன்றின் மிச்சத்தைக் கண்டார்கள். பீரங்கிகள்! கட்டி கட்டியாக வெள்ளிக் காசுகள்!

காசு கட்டியிருந்த சாக்குப் பைகள் எப்போதோ உக்கிப் போய்விட்டன. ஆனால் காசுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பையின் வடிவத்திலேயே உறைந்து கிடந்தன. பைக்கு ஆயிரம்! எல்லாம் சூரத்தில் அடித்த ரூபாய். முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் ஆலம்கீர் காலத்தவை. காசில் பொறித்த ஆண்டு ஹிஜ்ரி 1113. மொழி பாரசீகம், எழுத்து அரபு வகை. நம்ம ஓதப்பள்ளிப் பிள்ளை அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிடும்! இந்தக் கதையை கிளார்க் 1964இல் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார்.

பாவாதம் மலையிலிருந்து வானத்துக்கு லிஃப்ட்!

1344இல் இப்னு பதூதா ஏறிய பாவாதம் மலை, 1979இல் கிளார்க்கின் நாவலில் வந்தது. நாவலின் பெயர் 'சொர்க்கத்தின் ஊற்றுகள்'. மலையுச்சியில் கம்பி கட்டி, 36,000 கிலோமீற்றர் மேலே போகும் மின்தூக்கி! இதற்கு மலை பூமத்திய ரேகையில் இருக்கவேண்டும். கிளார்க் என்ன செய்தார்? இலங்கையைத் தூக்கி 800 கிலோமீற்றர் தெற்கே வைத்தார்! மலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கினார். நாவலாசிரியனை யார் கேட்பது? அந்தக் கணக்கில் பார்த்தால் கல்முனைக்குடி கிட்டத்தட்ட பூமத்திய ரேகையிலேயே வந்து உட்காருகிறது! விண்கதைகளுக்கான ஹியூகோ, நெபியூலா என்ற இரண்டு பெரிய பரிசுகளையும் அந்த நாவல் அள்ளியது.

அலையை முன்பே எழுதியவர்

இதை மட்டும் மெதுவாகச் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26, சுனாமி. நம் கரைக்கு அந்தக் காலையைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. கடற்கரைப் பள்ளிப் பக்கம் போனாலே போதும். ஹிக்கடுவையில் இருந்த கிளார்க்கின் சுழியோடும் நிலையத்தையும் அதே கடல் கொண்டுபோனது. கொழும்பில் இருந்த அவர் தப்பினார்.

ஆனால் 1957இலேயே, இலங்கையைப் பற்றிய தன் முதல் புத்தகத்தில், 1883 ஆகஸ்டில் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது காலித் துறைமுகத்துக்கு வந்த பேரலையை அவர் எழுதியிருந்தார்! அந்த 1883 அலை நம் அம்பாறைக் கரைக்கும் வந்தது. அறுகம்பை, பாணமைப் பக்கம் ஆற்று முகத்துவாரத்தைக் கடந்துகொண்டிருந்த சோனகப் பெண்களை அடித்துப் போனது. அவர்களில் ஒருவர் மௌத்தானார். கடல் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் போயிருந்தது. அது புத்தகத்திலும் இருந்தது. நாம்தான் வாசிக்கவில்லை.

கனத்தையில் ஒரு கல்

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு 1979 முதல் 2002 வரை வேந்தர். 1984இல் அவர் பெயரில் கட்டுபெத்தவில் ஒரு தொழில்நுட்ப நிலையம். 2005இல் இலங்கையின் ஆக உயர்ந்த விருதான ஸ்ரீலங்காபிமான்ய. 2008 மார்ச் 19ஆம் திகதி, 90ஆவது வயதில், கொழும்பில் கண்மூடினார். பொரளை கனத்தை மயானத்தில் அடக்கம்.

நம் மலை, நம் கற்பார், நம் கடல் என்று எல்லாம் எங்கிருந்தோ வந்த ஒருவரின் பேனாவில் உலகம் சுற்றின. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இன்றிரவு வானம் வெளித்திருந்தால், வாப்பாமாரே, மகனையோ மகளையோ மாடிக்குக் கூட்டிப் போங்கள். டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டி, இந்தக் கதையைச் சொல்லுங்கள். மறுகா அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு "சும்மா இரு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!